கைக்கு ஒரு கார், கண்ணுக்கு ஒரு கார்

வாகனத்துக்குக் குறைவில்லாத ஊர் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாளுக்குக் கருடன் உண்டு, யானை உண்டு, குதிரை உண்டு. இன்று ஒன்றில் வந்தால் நாளை இன்னொன்றில் வருவார். சுவாமியே இப்படி விதவிதமாகப் பவனி வருகிற ஊரில் மாப்பிள்ளை மட்டும் நடந்து வந்தால் நன்றாக இருக்குமா? முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை, கோவிலிலிருந்து கல்யாண மண்டபம் வரையில் அவருக்கும் ஒரு வாகனம் வேண்டும். ஜானவாசம் என்று சொல்லுங்கள், மாப்பிள்ளை அழைப்பு என்று சொல்லுங்கள். அதற்கு லட்சணமானது திறந்த மோட்டார் கார்தான்.

அந்தக் கார் அமெரிக்காவில் பிறந்ததாக இருந்துவிட்டால் கௌரவம் இன்னும் ஒரு படி உயர்ந்துவிடும். சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். தங்கள் கல்யாணத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதை மறந்திருப்பார்கள். மாப்பிள்ளை வந்தது பிளைமவுத் காரிலா, ஷெவர்லே காரிலா, பியூக் காரிலா என்பதை மட்டும் மறந்திருக்க மாட்டார்கள்!

எங்கள் குடும்பத்தில் இந்தத் தையில் ஒரு கல்யாணம் நடந்தது. அக்காவின் பெண்ணுக்கு. ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் இன்ஜினீயராக இருக்கிறாள். ‘பெண் கார் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளைக்குக் காரா கிடைக்காது!’ என்று எல்லாரும் வேடிக்கை பேசினார்கள். ஆனால் அவள் தொழிற்சாலையிலிருந்து வருகிற கார்களுக்குக் கூரை உண்டு. கூரை உள்ள காரில் மாப்பிள்ளையை உட்கார வைத்தால் அவர் போட்டிருக்கும் கோட்டை யார் பார்ப்பது?

விசாரித்ததில், ஊருக்கு வெளியே ஒரு பெரியவரிடம் பழைய வண்டிகள் இருப்பதாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு விடுகிறவர். அக்கா, நான், கல்யாணப் பெண், அவளுக்கு மாமியாராகப் போகும் சம்பந்தி அம்மாள், நாலு பேருமாகப் போனோம். கூரைக் கொட்டகையில் இரண்டு திறந்த கார்கள் நின்றன. ஒன்று 1924-ஆம் வருஷத்து ஃபோர்டு. ‘மாடல் டி’ என்பது அதன் பெயர். மற்றொன்று 1957-ஆம் வருஷத்து ஷெவர்லே ‘பெல் ஏர்’. இரண்டுக்கும் நடுவில் முப்பத்து மூன்று வருஷ இடைவெளி. மாமியாரும் மருமகளும் பக்கத்தில் நிற்பது போல நின்றன. எது மாமியார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மாமியாரைப் பார்ப்போம்.

ஃபோர்டு கறுப்பு. தலை முதல் கால் வரை கறுப்பு. நீளம் சுமார் 11 அடிதான். சக்கரங்கள் உயரமாக, ஒல்லியாக, ஜட்கா வண்டிச் சக்கரங்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. நாலு சிலிண்டர், 20 குதிரைச் சக்தி. மணிக்கு நாற்பது மைல் போனால் பெரிய விஷயம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. முன் ஆசனத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் பார்ப்பதில்லையா, அது போல! அந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே இறங்கி என்ஜினுக்கு வர வேண்டும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது என்ஜின் உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் வராது. அதனால் அந்தக் காலத்து அமெரிக்கர்கள் செங்குத்து மேடு வந்தால் காரைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஏறுவார்களாம்.

கேலி செய்வதற்கு எளிதான கார். ஆனால் அது செய்த காரியத்தைக் கேட்டால் கேலி நின்றுவிடும். 1908-இல் அது விற்பனைக்கு வந்தபோது விலை 850 டாலர். பணக்காரர்கள் மட்டும் கார் வைத்திருந்த நாளில் அதுவே மலிவு. 1913-இல் ஹென்றி ஃபோர்டு, ஆள் வண்டியைத் தேடிப் போகாமல் வண்டி ஆளைத் தேடி வரும்படி நகரும் வரிசை ஒன்றை ஏற்படுத்தினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்த அடிச்சட்ட வேலை அடுத்த வருஷத்திலேயே ஒன்றரை மணிக்குச் சுருங்கிவிட்டது. விலை இறங்கிக்கொண்டே வந்தது. 1925-இல் இரண்டு பேர் உட்காரும் வண்டி 260 டாலர்! 1927-இல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். நடுவில் 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு வர்ணமே கிடையாது. வர்ணம் கேட்டவர்கள் வேறு கடைக்குப் போகலாம்!

இதனால் அமெரிக்கக் கிராமங்களில் பெண்களின் வாழ்க்கை மாறியது. பத்து மைலுக்கு அப்பால் இருந்த அண்டை வீடு பக்கத்து வீடாயிற்று. வாரத்தில் ஒரு நாள் கடைத்தெருவைப் பார்ப்பதே திருவிழாவாக இருந்த குடியானவப் பெண்கள், முட்டைக் கூடையைத் தாங்களே ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

ஆனால் ஒரு தடை இருந்தது. கார் கிளம்ப வேண்டுமானால் முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சில சமயம் என்ஜின் முரண்டு பிடித்து அந்தக் கைப்பிடியைத் திருப்பி அடித்துவிடும். கை ஒடிந்தவர்கள் பல பேர். ‘பெண்களுக்கு இது ஆகாது’ என்று சொல்ல அது ஒரு நல்ல சாக்கு. சாக்கை ஒப்புக்கொள்ளாத பெண்களும் இருந்தார்கள். 1909-இல் ஆலிஸ் ராம்ஸே என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் மாக்ஸ்வெல் என்ற காரில் மூன்று தோழிகளுடன் புறப்பட்டு, நியூயார்க்கிலிருந்து சான் பிரான்ஸிஸ்கோ வரை 59 நாளில் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். தோழிகள் மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

1912-இல் காடிலாக் காரில், பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தால் கிளம்பும் ஏற்பாடு வந்துவிட்டது. சார்லஸ் கெட்டரிங் என்பவர் கண்டுபிடித்தது. ஃபோர்டு வண்டியில் அந்த வசதி கிடைக்க 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தம் கணவர் லட்சக்கணக்கில் செய்து குவித்த காரை விட்டுவிட்டு, வேறு கம்பெனி செய்த மின்சாரக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார்! அதில் சுற்ற வேண்டிய கைப்பிடி இல்லை. வீட்டுக்காரரின் பெருமை ஒரு பக்கம், தன் சௌகரியம் ஒரு பக்கம். இதைக் கேட்டதும் என் அக்கா, “புத்திசாலி!” என்றாள்.

இனி மருமகளைப் பார்க்கலாம்.

ஷெவர்லேயைப் பார்த்ததும் சம்பந்தி அம்மாள், “ஆஹா!” என்றார். அப்படிச் சொல்ல வைக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உடம்பு மயில் கழுத்து நிறம், பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை. பக்கத்துக்குப் பக்கம் பளபளவென்று வெள்ளித் தகடு. பின்னால் இரண்டு பக்கமும் மீனின் துடுப்பு மாதிரி எழும்பி நிற்கும் வால். 16 அடி 8 அங்குல நீளம். எடை ஃபோர்டைப் போல இரண்டு மடங்கு. சாதாரண ஆறு சிலிண்டர் என்ஜினுக்கே 140 குதிரைச் சக்தி. எட்டு சிலிண்டர் வேண்டுமானால் அதுவும் உண்டு. கியர் தானாக மாறும் ஏற்பாடும் உண்டு. பெட்ரோல் ஊற்றும் மூடி எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே இடது பக்கத்து வாலில் இருந்த வெள்ளித் தகட்டைத் திறந்து காட்டினார். அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தது!

இந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஃபோர்டு கறுப்புக் காரைக் காட்டி ‘இது உழைக்கும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் வேறு மாதிரி யோசித்தது. உழைக்கிற கார் எல்லாரிடமும் வந்துவிட்டால், அப்புறம் யார் வாங்குவார்கள்? போன வருஷத்துக் காரைப் பழசாகத் தோன்றச் செய்ய வேண்டும். அதற்காக 1927-இல் கலையையும் வர்ணத்தையும் கவனிக்கத் தனிப் பிரிவு ஒன்றை வைத்து, ஹார்லி ஏர்ல் என்பவரைத் தலைவராக்கியது. வருஷா வருஷம் புது முகம், புது வர்ணம். என்ஜின் அதுவேதான் என்றாலும் வால் வேறு! அதே 1927-இல்தான் ஃபோர்டின் மாடல் டி கடையைக் கட்டியது.

இது புரியக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அதிக நேரம் ஆகாது. காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக் கடையிலாவது ஏறி உட்காருங்கள். ‘இது இந்த வருஷத்து டிசைன் அம்மா’ என்று எடுத்துப் போடுவார்கள். போன வருஷத்துப் புடவைக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. பட்டு அதே பட்டு. ஜரிகை அதே ஜரிகை. ஆனாலும் நம் கை புதிதைத்தான் தடவும்.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. பணம் கொடுப்பவர் புருஷராக இருந்தாலும், ‘இது வேண்டும், அது வேண்டாம்’ என்று சொல்வது வீட்டுப் பெண்மணி. ஆகவே 1950-களில் அந்தக் கம்பெனி பெண் சித்திரக்காரர்களை வேலைக்கு எடுத்தது. ஆசனத் துணி, உள் வர்ணம், பிடி, விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. காரின் வெளி உருவம் மட்டும் ஆண்கள் வசம். டாட்ஜ் கம்பெனி ஒரு படி மேலே போயிற்று. 1955-இல் ‘லா ஃபாம்’ என்று பெண்களுக்கென்றே ஒரு கார். ரோஜா வர்ணம். அதற்கேற்ற கைப்பை, உதட்டுச் சாயம், மழைக் கோட்டு, குடை எல்லாம் காரோடு சேர்த்தி! பாவம், இரண்டு வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். பெண்கள் வாங்க வரவில்லை. குடையும் கைப்பையும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன.

இரண்டு கார்களையும் சுற்றிச் சுற்றி வந்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஃபோர்டு பெண்ணின் கண்ணைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஆனால் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. ஷெவர்லே அவள் கண்ணைத் தேடி வந்தது. கைக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் விளம்பரப் படங்களில் ஓட்டுகிற ஆசனத்தில் அநேகமாக யார் இருந்தார்? ஐயாதான். அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பட்டுப் புடவையிலும் இந்தக் கையும் கண்ணும் உண்டு. கடையில் நாம் கண்ணால் பார்ப்பது உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் கோர்வையின் அழகு. பிள்ளையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே அது கை. கோர்வை போட ஒருவரால் முடியாது. தறியில் ஒருவர், கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் இன்னொருவர். அந்த இன்னொருவர் பல வீடுகளில் மனைவி, அல்லது மகள். தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் ‘நெசவாளி யார்?’ என்று கேட்டால், தறியில் உட்கார்ந்திருப்பவரைத்தான் கை காட்டுவார்கள்.

இந்த அமெரிக்கக் கார்கள் நம் நாட்டுக்கு வந்த கதையும் சுவாரஸ்யமானதே. ஃபோர்டு கம்பெனி 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலும் பம்பாயில் கார்களைப் பூட்டும் தொழிற்சாலைகளைத் திறந்தன. பாகங்கள் கப்பலில் வரும். இங்கே ஒன்று சேர்ப்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்று சர்க்கார் சொன்னது. 1950-களின் நடுவில் இரண்டு கம்பெனிகளும் மூட்டை கட்டிவிட்டன. அதனால் 1957-இன் ஷெவர்லே இங்கே அபூர்வம். பெரியவரின் வண்டி ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியிடமிருந்து பல கை மாறி வந்ததாம். ஓட்டுகிற சக்கரம் இடது பக்கம் இருக்கிறது.

சரி, வாடகைக்கு எதை எடுப்பது?

பெரியவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். “அம்மா, ஊர்வலம் நாகஸ்வரத்துக்குப் பின்னாலே நடக்கிற வேகத்திலே போகும். ஃபோர்டிலே அந்த வேகத்துக்கு இடது பெடலை அமுக்கினபடியே இருக்கணும். அரை மணியிலே கால் மரத்துப் போகும். தண்ணியும் கொதிச்சிடும். ஒரு குடம் தண்ணி கூடவே வரணும். ஷெவர்லேயிலே அந்தக் கஷ்டம் இல்லே. ஆனா பெட்ரோல் குடிக்கும்.”

“குடித்தால் குடிக்கட்டும்” என்றார் சம்பந்தி அம்மாள். அவர் கண் ஷெவர்லேயை விட்டு அகலவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த கல்யாணப் பெண் ஃபோர்டின் முன்னால் போய் நின்றாள். “ஐயா, இதை நான் ஒரு தடவை கிளப்பிப் பார்க்கலாமா?”

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருக்கு! கையை ஒடிச்சுக்காதே!”

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கைத்தடையை இழுத்து வைத்தார். சக்கரத்தின் கீழிருந்த சிறிய நெம்புகோலை மேலே தள்ளினார். “இதை மேலே தள்ளாம சுத்தினாதான் திருப்பி அடிக்கும். இடது கையாலே பிடிங்க. கட்டை விரலை மத்த விரலோட சேர்த்து வைங்க. கீழே அமுக்கக் கூடாது, மேலே இழுக்கணும்.”

அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டாள். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது இழுப்பில் அந்த நூறு வயதுக் கிழவி ஒரு இருமல் இருமினாள். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கொட்டகை அதிர்ந்தது.

“அத்தை, வாங்க, கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க!” என்று அவள் சம்பந்தி அம்மாளைக் கூப்பிட்டாள்.

சம்பந்தி அம்மாள் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுகிற பக்கத்தில் உட்கார்ந்தார்! சக்கரத்தின் மேல் இரண்டு கையையும் வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழகிய கை அது.

“உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா, மாமி?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சிருந்தது” என்றார். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய தகப்பனார் கற்றுக்கொடுத்தாராம். பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தாராம். புக்ககத்தில் காரும் இருந்தது, டிரைவரும் இருந்தார். “நீ எதுக்கு ஓட்டணும்?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அதட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். லைசென்ஸ் பீரோவிலேயே காலாவதியாகிவிட்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பெண் மெதுவாக, “அத்தை, எந்தக் காரானாலும் சரி. ஊர்வலத்திலே நானும் உட்காரட்டுமா?” என்றாள்.

மாப்பிள்ளை அழைப்பில் பெண் உட்காருவதாவது! அக்கா என் கையைக் கிள்ளினாள். சம்பந்தி அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. கீழே இறங்கி, ஷெவர்லேயின் பின் ஆசனத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். “இதிலே மூணு பேர் தாராளமா உட்காரலாம். அவன், நீ, நான்” என்றார்.

அப்படியே நடந்தது. ஷெவர்லேதான் வந்தது. சில பேர் முணுமுணுத்தார்கள். குழந்தைகள் வழக்கம் போலக் காரில் ஏறி நெரித்தார்கள். மயில் கழுத்து நிறத்துக்கு மாப்பிள்ளையின் கோட்டைக் காட்டிலும் பெண்ணின் அரக்குப் புடவை எடுப்பாக இருந்தது என்பது பொது அபிப்பிராயம். ஆகவே, கண்ணுக்கான கார் ஒன்றும் மட்டமில்லை, சகோதரிகளே! அதில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது அதன் பெருமை.

ஒரு செய்தி மட்டும் பாக்கி இருக்கிறது. ஃபோர்டு கம்பெனி பல வருஷம் கழித்து நம் பக்கமே திரும்பி வந்தது. 1999 முதல் மறைமலைநகரில் கார்கள் செய்தது. அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம். 2022-இல் அங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். வருகிற கம்பெனியும் போகிற கம்பெனியுமாக இருந்தாலும், ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்கிற வேலை வேரூன்றிவிட்டது. விடியற்காலையில் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறும் பெண்களைப் பாருங்கள். அவர்களில் சிலருடைய தாயார் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். மகள் காருக்குத் திருகாணி முடுக்கப் போகிறாள். ‘கார் செய்கிறவர் யார்?’ என்று கேட்டால் அவளைக் கை காட்டத் தயங்குவானேன்?

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வாரம் பட்டுப் புடவைகளை வெயில் படாமல் உதறி மடித்து வைக்க பீரோவைத் திறப்பீர்கள் அல்லவா? அடியில் ஏதாவது பழைய லைசென்ஸ் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் தேதியைப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் பாதகமில்லை. எங்கள் சம்பந்தி அம்மாள் அறுபத்திரண்டு வயதில் ஓட்டுப் பழகும் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும், காலை ஆறரை மணிக்கு.